லாபம், ரெண்டு, மூணு

வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகுதான் என்னை இவ்வளவு பேருக்குத் தெரியும் என்பது எனக்கே தெரிந்தது. அரிசி ஆலையில் கம்ப்யூட்டர் பார்க்கிறவர், கல் குவாரி அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவர், அறந்தாங்கி ஜவுளிக்கடைக்காரரின் மருமகன் என்று தினம் யாராவது போன் செய்கிறார்கள். கேட்பது எல்லோரும் ஒன்றைத்தான். "சார், மூணு கம்பெனியோட இன்டகிரேஷன் பிளாட்ஃபார்ம ஒண்ணா வச்சுப் பாத்தீங்களாமே, எத வாங்குறது?"

பதில் சொல்லத் தொடங்கினால் எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. "ஏங்க, அதான் எல்லாம் முடிஞ்சு போச்சுல்ல, இன்னும் என்ன சிரிப்பு?" என்கிறாள் என் மனைவி மல்லிகா. முடிந்துபோனதுதான். ஆனால் போனில் இதைச் சொல்ல முடியவில்லை. எழுதி வைத்துவிட்டால் கேட்கிறவர்களுக்கெல்லாம் இதையே அனுப்பிவிடலாம்.

நான் வேலை பார்த்தது ஒரு நிலக்கடலைக் கம்பெனியில். விவசாயிகளிடம் கடலை வாங்க இலுப்பூர், கீரனூர், ஆலங்குடி மூன்று ஊர்களிலும் கிடங்குகள். வாங்கியதை உடைத்து எண்ணெய் ஆட்டத் திருச்சி சாலையில் ஓர் ஆலை. எண்ணெயும் பருப்பும் விற்கச் சில கடைகள். இவை எல்லாவற்றுக்கும் புதுக்கோட்டையில் தலைமை அலுவலகம். அதன் கடைசி அறையில் நான்.

பி.எஸ்சி. கணிதம் முடித்து, ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் கொஞ்ச நாள் படித்துவிட்டு அங்கே சேர்ந்தேன். அந்தக் காலத்தில் கம்ப்யூட்டருக்குத் தனி அறை, ஏ.சி. எல்லாம் உண்டு. முதலாளி அறையில்கூட ஏ.சி. கிடையாது. அதனால் வெயில் காலத்தில் அவர், "சிஸ்டம் எப்பிடி ஓடுதுன்னு பாக்குறேன்" என்று சொல்லிச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, நாற்காலியில் சாய்ந்து தூங்குவார். என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது. அவர் விழித்துக்கொள்ளாதபடி டைப் அடிக்கக் கற்றுக்கொண்டேன்.

வருடங்கள் போகப்போக ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு மென்பொருள் வந்து சேர்ந்தது. கிடங்கின் எடை மேடைக்கு ஒன்று, ஆலையின் இருப்புக்கு ஒன்று, கடையில் பில் போட ஒன்று, தலைமை அலுவலகக் கணக்குக்கு ஒன்று. நான்கையும் விற்றவர்கள் நான்கு பேர். ஒன்று பேசுவது மற்றொன்றுக்குப் புரியாது. இலுப்பூரில் எடை போட்ட லோடு ஆலைக்குத் தெரிய வேண்டுமென்றால், அங்கே ஒருவர் சீட்டைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும், இங்கே ஒருவர் அதைப் பார்த்து மறுபடி டைப் அடிக்க வேண்டும்.

இது பொறுக்காமல் நானே சின்னச் சின்ன புரோகிராம்கள் எழுதி, அவற்றை இரண்டிரண்டாக முடிச்சுப் போட்டு வைத்தேன். நன்றாகத்தான் ஓடியது, கடை பில் மென்பொருளை அதன் கம்பெனிக்காரர்கள் புதுப்பிக்கும்வரை. புதுப்பித்ததில் தேதியில் நாளும் மாதமும் இடம் மாறிவிட்டன. என் புரோகிராம் ஒரு கேள்வியும் கேட்காமல் அதை அப்படியே வாங்கி மற்றவற்றுக்குக் கொடுத்துவிட்டது. கணக்கைத் திறந்து பார்த்தால், இந்த மாதம் ஆட்டிய எண்ணெயைப் போன மாதமே விற்று முடித்திருக்கிறோம்.

"நல்ல வியாபாரமா இருக்கே" என்றார் கோமதி மேடம்.

முதலாளியின் மருமகள் அவர். மாமனாருக்கு வயதான பிறகு கம்பெனியை நடத்துகிறவர். கூட்டம் என்றால் அவர் மேசையில் அன்றைக்கு வந்த கடலையின் மாதிரி ஒரு தட்டில் இருக்கும். ஒவ்வொன்றாக உடைத்து, திரண்ட பருப்பு ஒரு குவியல், சுருங்கியது ஒரு குவியல், பூச்சி அரித்தது ஒரு குவியல் என்று ஒதுக்கிக்கொண்டே வருவார். கண் கடலையில் இருக்கும், காது நம்மிடம் இருக்கும். நாம் பேசி முடித்ததும் நிமிராமலே, "சரி, அப்புறம்?" என்பார்.

இரண்டே சொற்கள்தான். ஆனால் அதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டிருக்க யாராலும் முடியாது. சொல்ல நினைக்காததெல்லாம் அந்த இரண்டாம் பேச்சில்தான் வந்து விழும். மச்சான் கல்யாணம் என்று லீவு கேட்கப் போன எங்கள் கேஷியர், இரண்டு 'அப்புறம்'களுக்குப் பிறகு, கல்யாணம் இல்லை, சேப்பாக்கத்தில் கிரிக்கெட் மேட்ச் என்று தானே சொல்லிவிட்டு வெளியே வந்தார். லீவு கிடைத்தது. அது வேறு விஷயம்.

தேதி கவிழ்ந்த அன்று மேடம் என்னிடம் சொன்னார்: "நீங்க போட்டு வச்சிருக்க முடிச்செல்லாம் ஒங்களுக்கு மட்டுந்தான் புரியும். ஒங்களுக்கு ரிடையர்மென்ட் வரப்போவுது. அப்புறம்?"



அப்போதுதான் இன்டகிரேஷன் பிளாட்ஃபார்ம் பற்றி அவரிடம் பேசினேன். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டை வைத்துத்தான் விளக்கினேன். இலுப்பூரிலிருந்து ஆலங்குடிக்கு ஒரு பஸ், ஆலங்குடியிலிருந்து கீரனூருக்கு ஒரு பஸ் என்று ஊருக்கு ஊர் விட்டால் கட்டுப்படியாகாது. எல்லாம் பஸ் ஸ்டாண்டுக்கு வரட்டும், அங்கே இறங்கி மாறிக்கொள்ளட்டும். ஒவ்வொரு மென்பொருளும் தன் செய்தியை நடுவில் இருக்கும் இந்தப் பிளாட்ஃபார்மிடம் கொடுத்துவிடும். யாருக்கு எது வேண்டுமோ அதை அவரவர் பாஷையில் மாற்றிக் கொடுப்பது அதன் வேலை.

"வாங்குங்க" என்றார் மேடம். "வாங்கி, மாட்டி, ஓட விட்டுட்டுப் போங்க. ஒரு வருசம் கூடுதலா இருங்க."

அந்த ஒரு வருடம் எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது அவருக்குத் தெரியாது. என் ஒரே மகள் நிவேதா அப்போதுதான் திருச்சியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். நிரந்தரம் இல்லை, சோதனைக் காலம். காலை பஸ்ஸில் அவளை ஏற்றிவிட்டால், அவள் போய்ச் சேர்ந்ததாகச் செய்தி வரும்வரை எனக்கு டீ இறங்காது. அப்படிப்பட்ட ஆள் நான். அவளுக்கு வேலை உறுதியாகும்வரை எனக்குச் சம்பளம் வந்தால் போதும் என்று எல்லாத் தெய்வங்களிடமும் சொல்லி வைத்திருந்தேன். எந்தத் தெய்வம் எதைக் கேட்டது என்பது பிறகுதான் தெரிந்தது.

மூன்று கம்பெனிகள் வந்தன. பெங்களூரு கம்பெனி பெரியது, வெளிநாட்டிலெல்லாம் ஓடுவது. கோயம்புத்தூர் கம்பெனியின் மென்பொருளை நம் கட்டடத்திலேயே, நம் சர்வரிலேயே வைத்துக்கொள்ளலாம். மூன்றாவது, ஓர் எண்ணெய் ஆலைக்காரர் மேடத்திடம் சிபாரிசு செய்தது. திருச்சி கம்பெனி. பெயரைக் கேட்டதும் எனக்கு வியர்த்துவிட்டது. நேரே மேடம் அறைக்குப் போனேன்.

"மேடம், திருச்சி கம்பெனியிலதான் என் பொண்ணு வேல பாக்குது."

"சரி. அப்புறம்?"

"அப்புறம்... இந்தப் பொறுப்பு எனக்கு வேணாம் மேடம். வேற யாரயாவது பாக்கச் சொல்லுங்க."

"யாரு, கேஷியரயா?"

அவர் ஒரு கடலையை உடைத்துப் பார்த்துச் சுருங்கிய குவியலில் போட்டார். "சோதன நீங்க பண்ணுங்க. முடிவு நான் பண்றேன். நீங்க மார்க்கெல்லாம் போட வேணாம். என்ன நடந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

அன்றிலிருந்து வீட்டில் ஒரு சட்டம். நானும் நிவேதாவும் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது. சட்டம் போட்டவன் நான்தான். ஆனால் பேசக்கூடாது என்றால்தான் எல்லாம் தொண்டைக்கு வருகிறது.

காலையில் இட்லி சாப்பிடும்போது அவள் மல்லிகாவைப் பார்த்துச் சொல்வாள்: "அம்மா, எங்க டீம் லீடர் என்னையத்தான் டெமோ காட்டச் சொல்லியிருக்காரு. இது நல்லா வந்தா வேலைய கன்ஃபார்ம் பண்ணிருவாங்களாம்."

நானும் மல்லிகாவைப் பார்த்துத்தான் சொல்வேன்: "இந்த வீட்ல அதெல்லாம் பேசக்கூடாதுன்னு சொல்லு."

"பேசலையே. அம்மாகிட்டதான சொல்றேன்னு சொல்லும்மா."

மல்லிகா சட்னிக் கரண்டியைக் கீழே வைத்தாள். "ஒங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன பிளாட்ஃபார்மா? அங்கிட்டு வாங்கி இங்கிட்டுக் குடுக்க?" என்றாள். அவளுக்கு விளக்கம் கேட்காமலே புரிந்துவிட்டது. பஸ் ஸ்டாண்ட் உதாரணம்கூடத் தேவைப்படவில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க நான் ஓர் அட்டவணை போட்டேன். நம்மிடம் இருக்கும் நான்கு மென்பொருளோடும் அது தானாகச் சேருமா, புதிதாக எழுத வேண்டுமா? செய்தி எங்கே தங்குகிறது, நம்மிடமா, அவர்களிடமா? கட்டணம் இணைப்புக்கா, ஓடுகிற ஒவ்வொரு செய்திக்குமா? செய்திக்குத்தான் என்றால், கடலை சீசனில் கட்டணமும் சேர்ந்து விளைந்துவிடும். முக்கியமாக, நெட் அறுந்து திரும்பி வந்தால் என்ன ஆகிறது? இலுப்பூரில் நெட் அடிக்கடி போகும். வந்ததும் எடை மேடை தான் அனுப்பியதையே மறுபடி அனுப்பும். இரண்டாம் முறை வந்ததை, 'இது முன்பே வந்ததுதான்' என்று கண்டுகொண்டு தள்ளத் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் ஒரே லோடு இரண்டு லோடாகிவிடும்.

அட்டவணையை மேடத்திடம் காட்டினேன். அவர் பென்சிலை வாங்கி, கடைசியில் ஒரு பத்தி கூடுதலாகப் போட்டுத் தலைப்பு எழுதினார்: 'புரியாதது வந்தால் என்ன செய்யும்?'

அதைப் பார்த்ததும் எனக்கு இலுப்பூர் நினைவுக்கு வந்தது.

எங்கள் பக்கம் கிடங்கில் அளக்கிறவர்கள் எண்ணும்போது முதலாவதை 'ஒன்று' என்று சொல்வதில்லை. 'லாபம்' என்றுதான் தொடங்குவார்கள். லாபம், ரெண்டு, மூணு. இலுப்பூர்க் கிடங்கு மேஸ்திரி சின்னையாவிடம் கம்ப்யூட்டரைக் கொடுத்தபோது அவர் அந்த வழக்கத்தையும் அதற்குள் கொண்டுபோய்விட்டார். முதல் லோடின் எண் இருக்க வேண்டிய இடத்தில் 'லா' என்று டைப் அடிப்பார். நான் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன்.

"ஒண்ணுன்னு போடுங்கண்ணே."

"போடலாந்தான். ஒண்ணுன்னு போட்டு ஒண்ணோட நின்னுருச்சுன்னா நீங்களா வந்து கடல விப்பீங்க?"

கீரனூரும் ஆலங்குடியும் அவரைப் பார்த்து 'லா' போட ஆரம்பித்தன. எடை மேடை மென்பொருள் எதை அடித்தாலும் வாங்கிக்கொள்ளும். என் பழைய புரோகிராமில் 'லா' வந்தால் என்ன செய்வது என்று எழுதி வைத்திருந்தேன். ஆனால் புதிதாக வருகிறவர்களுக்கு இது தெரியாது. ஒருத்தியைத் தவிர.

நிவேதா பள்ளி விடுமுறையில் என்னோடு இலுப்பூர் கிடங்குக்கு வந்து, மூட்டை மேல் ஏறி உட்கார்ந்து, சின்னையாவோடு சேர்ந்து "லாபம்" என்று கத்தியவள். அது அவளுக்கு நினைவிருக்கிறதா என்று கேட்கவும் முடியாது. சோதனைக்குக் கொடுக்கும் தகவலில் 'லா' இருந்தால் என் மகளுக்குச் சாதகம். எடுத்துவிட்டால் கம்பெனிக்குத் துரோகம். மறுபடி மேடம் அறைக்கு ஓடினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "நெசத்துல வருதுல்ல? அப்ப இருக்கட்டும்."

சோதனை நாளில் கூட்ட அறையில் மூன்று மேசைகள் போட்டோம். போன சீசனில் நெருக்கடியான ஒரு நாளின் தகவலை அப்படியே மூவருக்கும் விட்டோம். நிவேதா நீலப் புடவையில் வந்திருந்தாள். அதைக் கட்டிவிட மல்லிகா காலையில் சேஃப்டி பின் தேடி வீட்டையே புரட்டியிருந்தாள். என்னைப் பார்த்து, "குட் மார்னிங் சார்" என்றாள். நானும் "குட் மார்னிங் மேடம்" என்றேன். சிரிப்பு வந்து, அதை இருமலாக மாற்றி, தண்ணீர் குடிக்க வெளியே போக வேண்டியதாயிற்று.

பெங்களூருக்காரர் திரை கண்ணைப் பறித்தது. எங்கு பார்த்தாலும் பச்சை டிக். எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது என்றார். நான் கூட்டிப் பார்த்தேன். மூன்று கிடங்கிலும் முதல் லோடுகளைக் காணோம்.

"முதல் லோடெல்லாம் வரல" என்றேன்.

"சார், லோடு நம்பர் இருக்க வேண்டிய எடத்துல ஏதோ எழுத்து வருது. ஒங்க டேட்டா சரியில்ல."

"சரி. அப்புறம்?" என்றார் மேடம், கடலையைப் பார்த்தபடி.

"அப்புறம்... அப்படி வர்றத எங்க சிஸ்டம் விட்டுட்டுப் போயிரும் மேடம்."

"சொல்லிட்டா, சொல்லாமயா?"

"உள்ள பதிவாகியிருக்கும்."

"உள்ள யாரு போய்ப் பாப்பா?"

அவர் திரையைத் திரும்பிப் பார்த்தார். பச்சை டிக் மட்டும் மின்னிக்கொண்டிருந்தது.

கோயம்புத்தூர் மென்பொருள் நேர்மையானது. இலுப்பூரின் முதல் 'லா'வைக் கண்டதும் நின்றுவிட்டது. கூடவே ஆலையும் நின்றது, கடையும் நின்றது, எல்லாம் நின்றது. ஒரு லாரி பஞ்சரானதற்குத் திருச்சி சாலையையே மூடியது போல.

அடுத்து நிவேதா. வீட்டில் பேசுவதை விட மெதுவாகப் பேசினாள். ஓட விட்டாள். ஓடியது. மூன்று கிடங்கின் முதல் லோடுகளும் ஒன்று, ஒன்று, ஒன்று என்று போய் அழகாக உட்கார்ந்தன. அவளுக்கு நினைவிருந்திருக்கிறது. 'லா' வந்தால் ஒன்று என்று எடுத்துக்கொள்ள முன்பே எழுதி வைத்திருந்தாள். அவளுடைய டீம் லீடர் கைதட்டினார். எனக்கு எழுந்து நின்று கத்த வேண்டும் போலிருந்தது. மேசைக்கடியில் கையைக் கோத்துக்கொண்டு, மொத்தத்தைக் கூட்டினேன்.

ஒரு லோடு குறைந்தது.

மறுபடி கூட்டினேன். அதே குறை. இலுப்பூரில். பார்த்ததும் புரிந்துவிட்டது. அன்றைக்கு சின்னையா இரண்டு ரகம் வாங்கியிருக்கிறார், விதைக் கடலை ஒரே ஒரு லோடு, மற்றதெல்லாம் சாதாக் கடலை. அவர் ஒவ்வொரு ரகத்துக்கும் லாபத்திலிருந்து தொடங்குவார். ஒரே நாளில், ஒரே கிடங்கில் இரண்டு 'லா'. நிவேதா இரண்டையும் 'ஒன்று' என்று ஆக்கிவிட்டாள். இரண்டாவது 'ஒன்றை'ப் பார்த்த பிளாட்ஃபார்ம், 'இது முன்பே வந்ததுதான்' என்று தள்ளிவிட்டது. சாதாக் கடலையின் முதல் லோடு, முழுதாக ஒரு லாரி, பச்சை டிக்கோடு காற்றில் கலந்துவிட்டது.

பெங்களூருக்காரர் விட்டதாவது தெரிந்தது. இது மேலோட்டமாகப் பார்த்தால் தெரியவே தெரியாது. ரகத்துக்கு ஒரு 'லாபம்' என்ற சின்னையாவின் வழக்கம் அந்த அறையில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். நான் வாயை மூடிக்கொண்டால் போதும், என் மகளுக்கு வேலை உறுதி.

அப்படியெல்லாம் நான் யோசித்ததாகச் சொல்ல முடியாது. யோசிக்க மூளை வேலை செய்யவில்லை. எழுந்து நின்றேன். எதிரே நிவேதாவும் நின்றாள். அவள் கண் திரையின் அடியில், மொத்தத்தில் இருந்தது.

"ஏம்மா..." என்று நானும், "சார்..." என்று அவளும் ஒரே நேரத்தில் தொடங்கினோம். அவள்தான் முந்திக்கொண்டாள்.

"அப்பா, ஒரு லோடு கொறையுதுப்பா."

பெங்களூருக்காரர் மெதுவாகத் திரும்பினார். "அப்பாவா?"

கேஷியர் கதவருகில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர், சிரிப்பை அடக்கப் பார்த்து, அடக்க முடியாமல் வெடித்தார். அது எல்லோருக்கும் தொற்றிக்கொண்டது. கோயம்புத்தூர்க்காரர் கண்ணீர் வரச் சிரித்தார். நிவேதா முகத்தைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாமல் நான் அங்கேயே நின்றேன்.

"எனக்கு மொத நாளே தெரியும்" என்றார் மேடம். "அவரு வந்து சொல்லிட்டாரு. முடிவும் அவருது இல்ல, என்னுது. மூணு பேரும் அடுத்த வாரம் இன்னொரு தடவ வாங்க. லா என்னன்னு இப்ப அவரே எல்லாருக்கும் சொல்லிருவாரு. ஒருத்தருக்கு மட்டும் தெரிஞ்சா அது பந்தயமில்ல."

அந்த வாரம் வீட்டில் சட்டம் இன்னும் கடுமையானது. மல்லிகா எங்கள் இருவரிடமும் பேச மறுத்துவிட்டாள்.

இரண்டாவது சோதனைக்கான தகவலை மேடமே தயார் செய்தார். எனக்குக்கூடக் காட்டவில்லை. ஓட விட்டபோதுதான் தெரிந்தது, ஒரு லோடின் எடை இருக்க வேண்டிய இடத்தில் அவர் டைப் அடித்திருந்தது: 'பாத்துப் போட்டுக்கலாம்.'

பெங்களூரு பிளாட்ஃபார்ம் இம்முறை எதையும் விடவில்லை. தவறு என்று மின்னஞ்சல் அனுப்பியது. மேடத்துக்கு, எனக்கு, ஆலைக்கு, கடைகளுக்கு, எங்கள் வாட்ச்மேனுக்கு மின்னஞ்சல் இருந்திருந்தால் அவருக்கும். கோயம்புத்தூர் இலுப்பூரை மட்டும் நிறுத்திவிட்டு மற்றதை ஓடவிட்டது. நல்ல முன்னேற்றம். ஆனால் ஏன் நிறுத்தியது என்பதற்குத் திரையில் ஓர் எண் மட்டும் வந்தது. அதன் பொருளை அவர்கள் புத்தகத்தைப் புரட்டிச் சொன்னார்கள்.

திருச்சி பிளாட்ஃபார்மில் எல்லா லோடுகளும் போயின, அந்த ஒன்றைத் தவிர. நிவேதா இம்முறை எதையும் தானாக மாற்றவில்லை. ரகத்தையும் சேர்த்து வைத்துத்தான் ஒரு லோடை அடையாளம் கண்டாள். புரியாததைத் தனியாக எடுத்து வைத்தாள். என் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. பொறுப்பாளர் என்று என் எண்ணைத்தான் மூவருக்கும் கொடுத்திருந்தோம். எடுத்துச் சத்தமாகப் படித்தேன்.

"இலுப்பூர், சாதாக் கடலை, மூணாவது லோடு. எடை 'பாத்துப் போட்டுக்கலாம்'னு வந்திருக்கு. பாத்தாச்சா? எவ்வளவு?"

கோமதி மேடம் சிரித்து நான் பார்த்ததில்லை. அன்று சிரித்தார். மூன்று குவியலும் ஒன்றோடொன்று கலந்துபோகும்படி மேசை மேல் கையை ஊன்றிச் சிரித்தார்.

போன் செய்கிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதைத்தான். பெங்களூரு மோசமில்லை. நாடு முழுக்கக் கிளை வைத்து, உள்ளே போய்ப் பார்க்க ஆள் வைத்திருக்கிறவர்களுக்கு அதுவே சரி. தகவல் தன் கட்டடத்தை விட்டுப் போகக்கூடாது என்கிறவர்கள் கோயம்புத்தூரை வாங்கலாம். ஆனால் எதை வாங்கினாலும் காட்டுகிறவர்கள் கொண்டுவரும் சுத்தமான தகவலை வைத்துப் பார்க்காதீர்கள். உங்கள் ஊர் சின்னையாவின் தகவலை உள்ளே விட்டுப் பாருங்கள். புரிந்ததை எல்லாம் மூன்றுமே நன்றாகத்தான் செய்யும்.

மறுநாள் மேடம் கூப்பிட்டார்.

"திருச்சிக்குத்தான் குடுக்கப் போறேன். இன்னும் அவங்களுக்குச் சொல்லல. அந்தப் பக்கம் ஒங்க பொண்ணு வேலைய முடிச்சுப் பில் அனுப்பும். இந்தப் பக்கம் நீங்க சரியா இருக்குன்னு கையெழுத்துப் போடுவீங்க. நல்லாருக்குமா?"

"நல்லாருக்காது மேடம்."

"அப்புறம்?"

அந்த அறையில் எத்தனையோ பேர் அந்தச் சொல்லுக்கு உளறியிருக்கிறார்கள். நான் உளறவில்லை. "நான் வாரேன் மேடம்" என்றேன். "கூடுதல் வருசம் வேணாம்."

அவர் ஒரு கடலையை உடைத்து என்னிடம் நீட்டினார். திரண்ட பருப்பு.

வெளியே வந்தவன் டிபன் பாக்ஸை மறந்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நின்றுகொண்டிருந்த திருச்சி பஸ்ஸில் ஏறிவிட்டேன். நிவேதாவிடம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் தலையில் இருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார். நார்த்தாமலை நிறுத்தம் வந்தபோதுதான் உறைத்தது. மேடம் இன்னும் அவர்களிடம் சொல்லவில்லை. நான் எப்படிச் சொல்லலாம்? அடித்துப் பிடித்து இறங்கி, ரோட்டைத் தாண்டி எதிர்ப் பக்கம் வந்து, புதுக்கோட்டை பஸ்ஸுக்குக் கை காட்டினேன். வேலை போய்விட்டது, மகளுக்கு வேலை நிலைத்துவிடும், இரண்டையும் யாரிடமும் சொல்ல முடியாது. வெயிலில் நின்று மறுபடி சிரித்தேன்.

வீட்டுக்குப் போனதும் மல்லிகா பார்த்தாள். "என்னங்க, மூஞ்சி இப்பிடி இருக்கு?"

"ஒண்ணுமில்ல. நாளைக்குச் சொல்றேன்."

"நாளைக்கு என்ன? இங்கிட்டுச் சொல்லக்கூடாது, அங்கிட்டுச் சொல்லக்கூடாது. நானே அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டுக் கேக்குறேன்."

மறுநாள் நிவேதா ஆபீஸிலிருந்தே போன் செய்தாள். பேசவில்லை, சிரித்தாள். நானும் சிரித்தேன். மல்லிகா போனைப் பிடுங்கி, "ரெண்டுல யாராச்சும் ஒருத்தர் வாயத் தொறந்து சொல்லுங்க" என்றாள்.

இப்போது நிவேதா வேலையில் உறுதியாகிவிட்டாள். பிளாட்ஃபார்மை நிறுவித் தருவதற்காகத் தினம் என் பழைய அலுவலகத்துக்குத்தான் போகிறாள், என் கடைசி அறையில், என் நாற்காலியில் உட்காருகிறாள். என் டிபன் பாக்ஸைத் திருப்பிக் கொண்டுவந்ததும் அவள்தான். காலையில் அவளைத் திருச்சி பஸ்ஸில் ஏற்றிவிட வேண்டியதில்லை. ஆனாலும் பழக்கத்தில் வாசல்வரை போகிறேன்.

கடலை வரத்து தொடங்கிய முதல் நாள் காலை நான் கடைத்தெருவில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். சட்டைப் பையில் போன் அதிர்ந்தது.

"இலுப்பூர், விதைக் கடலை. லோடு எண் 'லா', ரெண்டு தடவ வந்திருக்கு. நெட் போய் வந்ததா, இல்ல வேற லோடா?"

கத்தரிக்காயைப் போட்டுவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டு நின்றேன். பதில் அடித்தேன்: "நான் ரிடையர் ஆயிட்டேன். சின்னையாவக் கேளுங்க."

அடுத்த நிமிடம் நிவேதாவின் அழைப்பு.

"அப்பா, சாரிப்பா. பொறுப்பாளர் நம்பர மாத்த மறந்துட்டேன். ஒங்க நம்பரே இருக்கு. இப்ப மாத்திர்றேன்."

"சரி" என்றேன். "அப்புறம்?"

அவள் தன்னையறியாமல் பேச ஆரம்பித்தாள்.